அரேயை லிஸ்ட் ஆக்கும்போது

ஜாவா நிரலில் அரேயை (அளவு மாறாத வரிசை) லிஸ்ட் (பட்டியல்) ஆக்க அரேஸ்.ஆஸ்லிஸ்ட் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். அப்புறம் அதில் ஒரு உறுப்பைச் சேர்க்க ஆட் போட்டால் 'அன்சப்போர்ட்டட் ஆபரேஷன் எக்செப்ஷன்' என்ற பிழை வந்து நிற்கும். ஆஸ்லிஸ்ட் தருவது புது லிஸ்ட் இல்லை, பழைய அரேக்கு மேல் போட்ட உறை; அளவு மாறாது. ஆனால் செட் போட்டு ஒரு உறுப்பின் மதிப்பை மாற்றினால் மூல அரேயிலும் மதிப்பு மாறிவிடும். பிழையே காட்டாமல் படுத்துவது இதுதான். நியூ அரேலிஸ்ட்டின் அடைப்புக்குறிக்குள் அந்த லிஸ்ட்டைக் கொடுத்துவிடுங்கள், தனி நகல் கிடைக்கும்.

இன்ட் (முழு எண்) அரே என்றால் இன்னொரு கூத்து: உள்ளே 5 எண்கள் இருந்தாலும் லிஸ்ட்டின் சைஸ் 1தான். முழு அரேயும் ஒரே உறுப்பாகப் போய்விடுகிறது. அங்கே அரேஸ்.ஸ்ட்ரீம் போட்டு, பாக்ஸ்டு செய்து (ஒவ்வொரு எண்ணையும் இன்டிஜர் பொருளாக்கி), லிஸ்ட்டாகச் சேகரியுங்கள்.

இரட்டிப்பை நீக்க, ஒரே மதிப்பை இருமுறை வைக்காத 'செட்' என்ற தொகுப்பாக மாற்றுகிறீர்களா? வரிசை முக்கியம் என்றால் ஹாஷ்செட் வேண்டாம், லிங்க்டுஹாஷ்செட் எடுங்கள்.