நிலாவரைச் சரக்கு அசல்தான் என்று நிரூபிப்பது எப்படி?

வெளிநாட்டு மருந்து நூல்களில் நம்ம ஊர்ப் பேரோடு ஏறியிருக்கிற சரக்கு நிலாவரை, மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற இலை. ‘டின்னெவெலி சென்னா’ (டின்னெவெலி என்பது திருநெல்வேலி) என்று கேட்டு வாங்குகிறவருக்கு வேறு இலை போய்ச் சேர்ந்தால் ஊர்ப் பேரும் சேர்ந்துதான் கெடும். சாத்தான்குளத்தில் கிட்டங்கி போட்டு இந்த இலையை வாங்கி விற்கிறவன் நான். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

லாட் எண்ணை, அதாவது ஒவ்வொரு தொகுதிச் சரக்குக்குமான தனி எண்ணை, விளைந்த வயற்காட்டிலேயே போட்டுவிடுங்கள். விவசாயி பேர், சர்வே எண், பறித்த தேதி, நிழலில் உலர்த்திய நாட்கள் எல்லாம் போனில் ஏறிய பிறகுதான் சாக்கில் கியூஆர் அட்டை தைக்க வேண்டும். இரண்டு வயற்காட்டு இலையை ஒன்றாகக் கொட்டினால் புது எண் போடுங்கள். பழைய எண்கள் இரண்டும் அதில் பதிவாகியிருக்க வேண்டும். கணக்கு அறுந்துபோவது இந்தக் கொட்டுகிற இடத்தில்தான். பிளாக்செயினில் (பல கணினிகளில் ஒரே பதிவைச் சேர்த்து வைக்கும் முறை) ஏற்றினால் பின்னால் யாரும் சத்தமில்லாமல் திருத்த முடியாது, சரி. ஆனால் முதலில் ஏற்றியதே பொய்யென்றால் அந்தப் பொய்தான் பத்திரமாக இருக்கும்.

அட்டை சாக்கைத்தான் காட்டும். உள்ளே இருக்கும் இலையைத் தனியாகப் பார்த்தாக வேண்டும். சாக்கின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் கைவிட்டு இலை எடுங்கள். பத்து மடங்கு லென்ஸ் போதும். நிலாவரை இலை நீண்டு, நுனி கூராக முடியும். காம்பில் சேரும் இடத்தில் ஒரு பாதி கொஞ்சம் ஏறியும் மறுபாதி இறங்கியும் இருக்கும். ஆவாரை இலையின் நுனி மழுங்கல். ரோட்டோரம் சும்மா கிடைக்கிறது என்று கலந்துவிடுகிறார்கள்; மலச்சிக்கலுக்கு வேலை செய்யும் சென்னோசைடு அதில் கிடையாது.

பொடியானால் லென்ஸ் உதவாது, லேப்தான். 80 சதவீதக் கந்தக அமிலம் பட்டால் ஆவாரை செக்கச் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும் (இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது). எச்பிடிஎல்சி தகட்டில் (சரக்கில் உள்ள பொருள்களைத் தனித்தனிக் கோடாகப் பிரித்துக் காட்டும் லேப் தகடு) சென்னோசைடு ஏ, பி பட்டைகள் சுத்தமான மாதிரியின் பட்டைகளுக்கு நேராக நிற்க வேண்டும். சென்னோசைடு எத்தனை சதவீதம் என்பதற்கு எச்பிஎல்சி என்ற கருவிச் சோதனை. டிஎன்ஏ பார்கோடிங் (மரபணுவைப் பார்த்து எந்தச் செடி என்று சொல்லும் சோதனை) இலைக்கும் பொடிக்கும் நன்றாக வரும். சாறு இறக்கிய சரக்கில் டிஎன்ஏ பெரும்பாலும் சிதைந்திருக்கும் என்பதால் அதற்கு எச்பிடிஎல்சி பட்டைகளையே நம்புங்கள்.

மாதிரியை இரண்டாகப் பிரித்துச் சீல் வையுங்கள். ஒன்று லேப்புக்கு, மற்றது, தூத்துக்குடியில் கப்பலேறிய சரக்குக்கு முழுப் பணமும் வந்து சேரும்வரை ஈரம் படாமல் கிட்டங்கியில் இருக்கட்டும். லேப் ரிப்போர்ட்டில் உங்கள் லாட் எண் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்து, எண்ணோடு கேட்டு வாங்குங்கள்.