குலுக்கலில் விழுந்தவரைக் கணக்கிலிருந்து விடாதீர்கள்: மருத்துவச் சோதனை முடிவை அலசி எழுதும் முறை

சோதனை முடிந்துவிட்டது, எக்செல் கோப்பு நிரம்பிவிட்டது, இனி என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கான விளக்கம் இது. முதன்முதலாக ஆய்வேடு எழுதும் முதுநிலை மருத்துவ மாணவர்கள், செவிலியர்கள், களப்பணியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது. பிளஸ் டூ கணக்கு தெரிந்தால் போதும்.

கையில் பிடித்துப் பழக ஒரு மாதிரிச் சோதனை வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும், ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் வழக்கமான இரும்புச்சத்து மாத்திரை உண்டு. குலுக்கலில் (யார் எந்தக் குழு என்பதைத் தற்செயலுக்கு விடுவது) விழுந்த பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக, வாரம் ஒருமுறை தன்னார்வலர் வீட்டுக்கே போய் "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று கேட்டு வருவார். இவர்கள் நினைவூட்டல் குழு, மற்றவர்கள் வழக்கக் குழு. வீடு தேடிப் போவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். நம் கேள்வி இது: 12 வாரம் கழித்து ஹீமோகுளோபின் 11 கிராமோ அதற்கு மேலோ வந்தவர்கள் எந்தக் குழுவில் அதிகம்? கீழே வரும் எண்கள் கணக்குப் பழகுவதற்காக நாமே வைத்துக்கொண்டவை, எந்த ஆய்வின் முடிவும் அல்ல.

படி 1: பதிவை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்

இந்தியாவில் நடக்கும் சோதனைகளைப் பதியும் சிடிஆர்ஐ பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தால்தான் அங்கே ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் பதிவை அச்செடுத்து, 'முதன்மை விளைவு' (சோதனை முதலில் பதில் தேடும் அளவு) என்று எழுதியிருக்கும் வரியை அடிக்கோடிடுங்கள். அங்கே "12-ம் வாரம், ஹீமோகுளோபின் 11 அல்லது மேல்" என்று இருந்தால் கட்டுரையிலும் அதுவேதான் முதன்மை. முடிவைப் பார்த்த பிறகு "8-ம் வாரத்தில் நன்றாக வந்திருக்கிறதே, அதையே முதலில் போடலாம்" என்று மாற்றினால் சோதனையின் அடித்தளமே போய்விடும். நியாயமான காரணத்துக்காக மாற்ற வேண்டியிருந்தால் எப்போது, ஏன் மாற்றினீர்கள் என்பதைக் கட்டுரையிலேயே எழுதுங்கள்.

படி 2: தரவைச் சுத்தம் செய்து பூட்டுங்கள்

எந்தக் குழு எது என்று தெரியாதபடி 'அ', 'ஆ' என்று குறியிட்டுவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். தெரிந்தால் கை தானாக ஒரு பக்கம் சாயும். ஹீமோகுளோபின் கட்டத்தில் 4-க்குக் கீழும் 16-க்கு மேலும் உள்ளவற்றை வடிகட்டினால், 10.5-ஐ 105 என்று அடித்தது மாட்டும். விடுபட்டதற்கு 999 என்று போட்டு, அதை அப்படியே சராசரியில் சேர்த்துவிடுவது பழைய வியாதி. எக்செல் இன்னொரு வேலையும் செய்யும்: கர்ப்ப வாரத்தை '10-12' என்று அடித்தால் தேதியாக மாற்றிவிடும். திருத்திய ஒவ்வொன்றையும் தனித் தாளில் குறித்து, தேதியிட்டுக் கோப்பைப் பூட்டிவிட்டு, அதன் பிறகே 'அ' எந்தக் குழு, 'ஆ' எந்தக் குழு என்று பிரித்துப் பாருங்கள்.

படி 3: ஓட்ட வரைபடம்

எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வெளியேறினார்கள், கடைசியில் எத்தனை பேரை எண்ணினோம் என்று கட்டம் கட்டமாகக் காட்டும் படம் இது. அலசலுக்கு முன்பே இதை வரையுங்கள். கடைசி நாளில் வரைந்தால் எண்கள் கூடிவராது. சோதனைகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் கன்சார்ட் நெறிமுறை 1996-ல் வந்தது. 2001, 2010, 2025 என மூன்று முறை புதுப்பித்திருக்கிறார்கள். 2010 பட்டியலில் 25 அம்சங்கள், 2025-ல் 30. அதில் எல்லோரும் முதலில் தேடுவது இந்த வரைபடத்தைத்தான்.

நம் மாதிரியில் பரிசோதித்தவர்கள் 410 பேர். ஹீமோகுளோபின் ஏற்கெனவே 11 அல்லது மேல் இருந்ததால் 96, 7-க்கும் கீழே இருந்து உடனடி சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள் 14, சம்மதம் தராதவர்கள் 38, பிற காரணங்கள் 22, ஆக 170 பேர் வெளியே. மீதி 240 பேருக்குக் குலுக்கல் நடந்து, குழுவுக்கு 120 பேர்.

அடுத்து 12-ம் வார ரத்தம் கிடைக்காதவர்கள். நினைவூட்டல் குழுவில் 8 பேர்: பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர்கள் 4, கணவரோடு பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள் 2, கருச்சிதைவு 1, தானாக விலகியவர் 1. வழக்கக் குழுவில் 12 பேர்: தாய்வீடு 7, பெங்களூரு 3, விலகியவர்கள் 2. "தொடர்பில் இல்லை – 20" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். வளைகாப்பு முடிந்து அம்மா வீடு போனவரை விடுபட்டவராக எண்ணுவதும், மாத்திரை வயிற்றைக் கலக்கி நின்றுவிட்டவரை அப்படி எண்ணுவதும் ஒன்றல்ல. இரண்டாவது வகை உங்கள் முடிவையே சாய்க்கும். இங்கே சோதனை நடத்துகிறவர்கள் சேர்க்கும் நாளிலேயே தாய்வீட்டு ஊரையும் அங்கே ஒரு தொலைபேசி எண்ணையும் வாங்கி வைத்தால் பாதி இழப்பு தவிரும்.

படி 4: தொடக்க அட்டவணை

வயது, கர்ப்ப வாரம், எத்தனையாவது பிரசவம், தொடக்க ஹீமோகுளோபின், சுகாதார நிலையத்துக்கு உள்ள தூரம் ஆகியவற்றை இரு குழுவுக்கும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். சராசரியோடு திட்ட விலக்கம் (ஆட்களிடையே எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) கொடுங்கள். சின்னதாகத் தெரிகிறது என்று திட்டப் பிழையை (சராசரி எவ்வளவு துல்லியம் என்பது) போடுவது ஏமாற்று. இந்த அட்டவணையில் பி மதிப்பு (வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கும் எண், படி 6-ல் விளக்கம்) வேண்டாம். குலுக்கல் ஒழுங்காக நடந்திருந்தால் இங்கே தெரியும் வித்தியாசம் தற்செயல்தான் என்பது நமக்கே தெரியும். தெரிந்ததைச் சோதித்து என்ன பயன்? வழிகாட்டி கேட்கிறார் என்று பலர் போடுகிறார்கள். அவருக்குக் கன்சார்ட் விளக்கத்தைக் காட்டுங்கள்.

படி 5: யாரை எந்தக் குழுவில் எண்ணுவது

தொடக்கநிலையினர் அதிகம் சறுக்கும் இடம் இது. நினைவூட்டல் குழுவில் விழுந்த 9 பேரின் வீட்டுக்கு மழையில் தன்னார்வலர் போகவே இல்லை என்று வையுங்கள். வழக்கக் குழுவில் 4 பேர் பக்கத்து வீட்டுக்காரியோடு சேர்ந்து நினைவூட்டல் பெற்றுவிட்டார்கள். இவர்களை எங்கே எண்ணுவது? குலுக்கல் எங்கே போட்டதோ அங்கேதான்.

ஏன் இவ்வளவு கறார்? மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்த 'கரோனரி டிரக் ப்ராஜெக்ட்' ஆய்வின் ஒரு முடிவு 1980-ல் வெளியானது. சத்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். ஒழுங்காக, அதாவது 80 சதவீதமும் அதற்கு மேலும் சாப்பிட்டவர்களில் ஐந்து ஆண்டுகளில் இறந்தவர்கள் 15.1 சதவீதம். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களில் 28.3 சதவீதம். வெற்று மாத்திரை யாரையும் காப்பாற்றாது. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் மற்ற விஷயங்களிலும் வேறு மாதிரி ஆள், அவ்வளவுதான். "சரியாகச் சாப்பிட்டவர்களை மட்டும்" எடுத்து ஒப்பிட்டால் மாத்திரையை விட்டுவிட்டு மனிதர்களை ஒப்பிட்டவர்களாவீர்கள். ஒழுங்காகப் பின்பற்றியவர்களின் அலசலையும் போட விரும்பினால் இரண்டாவதாக, அந்தப் பெயரோடு போடுங்கள்.

படி 6: முதன்மைக் கணக்கு

12-ம் வார ரத்தம் கிடைத்தவர்கள் நினைவூட்டல் குழுவில் 112 பேர், அதில் 63 பேர் 11-ஐத் தொட்டார்கள்: 56.3 சதவீதம். வழக்கக் குழுவில் 108-ல் 45: 41.7 சதவீதம். வித்தியாசம் 14.6 புள்ளி.

இதன் நம்பக இடைவெளியை, அதாவது உண்மை வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கக்கூடும் என்ற எல்லையை, கையாலேயே போடலாம். ஒவ்வொரு குழுவிலும் (தேறிய பங்கு × தேறாத பங்கு ÷ எண்ணிக்கை) கண்டுபிடித்து, இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள்.

நினைவூட்டல்: 0.5625 × 0.4375 ÷ 112 = 0.00220
வழக்கம்: 0.4167 × 0.5833 ÷ 108 = 0.00225
கூட்டுத்தொகை 0.00445, வர்க்கமூலம் 0.0667
1.96-ஆல் பெருக்கினால் 0.131, அதாவது 13.1 புள்ளி

ஆக 95 சதவீத நம்பக இடைவெளி 1.5 முதல் 27.7 புள்ளி வரை. இதே தரவில் பி மதிப்பு 0.03. அதன் பொருள் "நினைவூட்டல் பலிக்க 97 சதவீத வாய்ப்பு" அல்ல. இரு முறைக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் தற்செயலாக வர 100-க்கு 3 வாய்ப்பு என்பதே பொருள்.

ஒப்பு விகிதம் (56.3 ÷ 41.7) 1.35, இடைவெளி 1.02 முதல் 1.78. "35 சதவீதம் அதிகம்" என்று இதை மட்டும் தலைப்பில் போட்டால் பெரிதாகத் தெரியும். 14.6 புள்ளியையும் கூடவே சொல்லுங்கள். 1-ஐ 0.146-ஆல் வகுத்தால் சுமார் 7: ஏழு பேர் வீட்டுக்குப் போனால் கூடுதலாக ஒருவர் தேறுகிறார். அதன் இடைவெளி 4 முதல் 66 வரை. தன்னார்வலருக்குச் சம்பளம் கொடுக்கும் அதிகாரிக்கு இந்த 66-ம் தெரிய வேண்டும்.

படி 7: காணாமல் போன 20 பேர்

கிடைத்தவர்களை மட்டும் எண்ணினோம். கிடைக்காதவர்கள் கதை வேறாக இருந்தால்? இரண்டு முறை மாற்றிப் போட்டுப் பாருங்கள். வராத எல்லோரும் தேறவில்லை என்றால் 63/120, 45/120, வித்தியாசம் 15.0, இடைவெளி 2.6 முதல் 27.4. முடிவு அசையவில்லை. மோசமான கற்பனை: நினைவூட்டல் குழுவில் வராத 8 பேரும் தேறவில்லை, வழக்கக் குழுவில் வராத 12 பேரும் தேறிவிட்டார்கள். இப்போது 63/120, 57/120, வித்தியாசம் 5.0, இடைவெளி −7.6 முதல் 17.6. இடைவெளிக்குள் பூஜ்யமும் வந்துவிட்டது, முடிவு கலைந்துவிட்டது. இவ்வளவு மோசமாக நடக்க வாய்ப்புக் குறைவு, ஆனாலும் இரண்டையும் எழுதுங்கள். 240-க்கு 20 பேர் என்ன பெரிய இழப்பு என்று கேட்பவருக்கு இதுவே பதில். கடைசியாக வந்த அளவையே 12-ம் வார அளவாக இழுத்துப் போடும் பழக்கம் வேண்டாம். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி ஹீமோகுளோபின் வாரத்துக்கு வாரம் மாறும்.

படி 8: சராசரியை ஒப்பிடும்போது

ஹீமோகுளோபின் சராசரியையும் பார்க்க ஆசை வரும். பலர் செய்வது: நினைவூட்டல் குழுவில் முன்–பின் ஒப்பிட்டு பி 0.01, வழக்கக் குழுவில் முன்–பின் ஒப்பிட்டு பி 0.08, ஆகவே நினைவூட்டல் பலித்தது என்று எழுதுவது. இது தப்பு. குறைவாக இருப்பவர்களாகப் பார்த்துப் பொறுக்கினால் அடுத்த அளவு தானே கொஞ்சம் ஏறும், எந்தக் குழுவானாலும். ஒப்பிட வேண்டியது ஒரு குழுவை இன்னொரு குழுவோடு. 12-ம் வார அளவை விளைவாகவும், குழுவையும் தொடக்க அளவையும் காரணிகளாகவும் வைத்து ஒரே ஒரு ரெக்ரெஷன் (காரணிகளுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக்கும் கணக்கு) போடுங்கள். ஆர், ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், இரண்டிலும் முடியும்.

படி 9: ராசி பலன்

1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் மாரடைப்பு வந்த 17,187 பேர். ஆஸ்பிரின் உயிரைக் காக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது. துணைக்குழுக்களாகப் பிரித்துக் காட்டும்படி இதழ் கேட்டபோது, ஆய்வாளர்கள் பிறந்த ராசிப்படியும் பிரித்தார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் லேசாகக் கெடுதல்! நம்மூரில் இதை நம்பவும் ஆள் இருக்கும். பிரித்துக்கொண்டே போனால் எங்கேயாவது ஒன்று 'பலிக்கும்' என்று காட்டத்தான் அதை அச்சிட்டார்கள். வித்தியாசமே இல்லாத இடத்தில் ஒன்றையொன்று சாராத 20 சோதனை போட்டால், ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு. பென்னாகரத்தில் மட்டும் பலித்தது, பாலக்கோட்டில் இல்லை என்று எழுத வேண்டுமானால் முன்கூட்டியே திட்டமிட்டிருக்க வேண்டும். இரு ஊர் விளைவுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தையே சோதிக்கவும் வேண்டும்.

படி 10: ஊரையே குலுக்கியிருந்தால்

பக்கத்து வீட்டுக்கு நினைவூட்டல் கசிகிறது என்று துணை சுகாதார நிலையம் வாரியாகக் குலுக்கினால் மேலே போட்ட கணக்கு செல்லாது. ஓர் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். நிலையத்துக்கு 20 பேர், ஒப்புமைக் கெழு (அந்த ஒத்திருப்பை அளக்கும் எண்) 0.05 என்றால் 1 + 19 × 0.05 = 1.95. உங்கள் 240 பேர் தகவலளவில் சுமார் 123 பேருக்குத்தான் சமம். நிலையத்தைக் கணக்கில் எடுக்கும் மாதிரியில் அலச வேண்டும்.

படி 11: பக்கவிளைவும் மறைப்பும்

மலச்சிக்கல், வயிற்றுவலி, குமட்டல் எத்தனை பேருக்கு, எத்தனை முறை, அதனால் நிறுத்தியவர்கள் எத்தனை பேர்: மூன்றும் தனித்தனி எண்கள், இரு குழுவுக்கும். "பெரிய பக்கவிளைவு இல்லை" என்ற வாக்கியத்தால் யாருக்கும் பயனில்லை. "இரட்டை மறைப்பு" (பங்கேற்பவருக்கும் அளப்பவருக்கும் குழு தெரியாது) என்றும் எழுதாதீர்கள். வீட்டுக்கு ஆள் வருவது கர்ப்பிணிக்குத் தெரியும். ரத்தம் பார்த்த ஆய்வகத்தாருக்குக் குழு தெரியாது என்றால் அதை மட்டும் சொல்லுங்கள்.

படி 12: எண்களை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

சுருக்கத்தில் 112, 108. வரைபடத்தில் 112, 108. முடிவு அட்டவணையிலும் அதே வர வேண்டும். ரெக்ரெஷன் அட்டவணையில் மட்டும் 111 என்று வந்தால், யாரோ ஒருவருக்குத் தொடக்க ஹீமோகுளோபின் கட்டம் காலியாக இருக்கிறது, மென்பொருள் சொல்லாமல் அந்த வரிசையை விட்டுவிட்டது என்று அர்த்தம். அவருடைய பதிவு எண்ணை வைத்து அவரது சேர்க்கைப் படிவத்தைத் தேடியெடுங்கள். விடுபட்ட அளவு பெரும்பாலும் அதில் இருக்கும், தட்டச்சில்தான் விட்டுப்போயிருக்கும்.