குடிநோயாளியைச் சிகிச்சைக்கு இணங்கவைக்கும் குடும்பச் சந்திப்பு: சேலத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி தலைமையிலான அரசு சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்திய இடம் சேலம் மாவட்டம். தடை, கோயில் சத்தியம், உறவினர் கூடிப் பேசும் பஞ்சாயத்து ஆகிய மூன்றையும் தலைமுறைகளாகப் பார்த்துவிட்ட இந்த ஊரில், குடியை ஒரு நோயாகக் கருதி, பயிற்சி பெற்றவரின் துணையோடு நோயாளியைச் சிகிச்சைக்கு இணங்கவைக்க முடியும் என்பது மட்டும் இன்னும் பல வீடுகளுக்குத் தெரியவில்லை. அம்மாப்பேட்டைத் தறிக்காரர் வீட்டிலும், சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறைக்காரர் வீட்டிலும், ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீட்டிலும் தவிப்பு ஒன்றுதான். “அவரா மனசு மாறுனாத்தான் உண்டு” என்ற பேச்சும் ஒன்றுதான். அந்தப் பேச்சு சரியன்று. அவர் மனம் மாறுவதற்கு முன்பே குடும்பம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதில் முதல் வேலை, நோயாளி வராவிட்டாலும் குடும்பத்தார் தாமே போய் மருத்துவரைப் பார்ப்பது.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மனைவியோ, அண்ணனோ, வளர்ந்த மகளோ முதலில் தனியாகச் சென்று ஆலோசனை கேட்கலாம். நேரில் போகத் தயங்குவோர் போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண்ணான 14446-இலோ, டெலிமானஸ் மனநல உதவி எண்ணான 14416-இலோ பேசித் தொடங்கலாம். எங்கே போனாலும் புகாராகச் சொல்லாமல், விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது: ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், காலையில் எழுந்ததும் வரும் கைநடுக்கம் குடித்தால்தான் நிற்கிறதா, குடிக்காத நாளில் எப்போதாவது வலிப்பு வந்ததா, மஞ்சள் காமாலை, சர்க்கரை நோய், தூக்க மாத்திரை, கஞ்சா ஏதேனும் உண்டா, சாகப்போவதாகப் பேசுகிறாரா, இதற்குமுன் எங்கே சிகிச்சை எடுத்தார்.

இவற்றில் காலை நடுக்கத்தைப் பற்றிய கேள்வியை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல ஆண்டுகள் அன்றாடம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது, சுவரில் இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடுவது, உடம்பு கொதிப்பது என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு கையில் காப்புக் கட்டி, அன்றோடு குடியை விட்டவர் மூன்றாம் நாள் இரவு உளறத் தொடங்கினால், சாமி வந்துவிட்டது என்றோ காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றோ எண்ணி வேப்பிலையைத் தேடுவோர் இன்றும் உண்டு. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது 108-ஐ அழைப்பது. நேர்த்திக்கடனை நான் குறைத்துப் பேசவில்லை, பக்தியைப் பற்றிக்கொண்டு தெளிந்தவர்கள் பலர். காப்புக் கட்டுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளையும் தயமின் என்ற வைட்டமின் ஊசியையும் மேற்பார்வையில் தொடங்கிவிட வேண்டும் என்பதே நான் வலியுறுத்துவது. ஆகவே வீட்டில் இருந்தபடியே நிறுத்தலாமா, உள்நோயாளியாகச் சேர வேண்டுமா என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் குடும்பச் சந்திப்புக்கு நாள் குறிக்க வேண்டும்.

குடும்பத்தார் ஒன்றுகூடி நோயாளியிடம் நேருக்கு நேர் பேசும் இந்த முறை அமெரிக்காவில் வெர்னான் ஜான்சன் என்ற பாதிரியார் வகுத்த வழியில் பரவியது. ஆனால் 1999-இல் மில்லர், மேயர்ஸ், டோனிகன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்துக்குப் படிப்படியாகப் பயிற்சி தரும் வேறொரு முறையில் 64 சதவீத நோயாளிகள் சிகிச்சைக்கு வந்தார்கள்; ஜான்சன் முறையில் 30 சதவீதம்; குடும்பத்தார் தங்களுக்காக மட்டும் ஆதரவு தேடிய அல்-அனான் வழியில் 13 சதவீதம். ஜான்சன் முறைக்குப் பயிற்சி எடுத்த பல குடும்பங்கள் கடைசியில் அந்தக் கூட்டத்தை நடத்தாமலே பின்வாங்கிவிட்டதும் அதற்கு ஒரு காரணம். எனவே கூட்டத்தை முதல் படியாக வைக்காமல், அதற்கு முன் சில வாரங்கள் வீட்டின் நடைமுறையை மாற்றிப் பார்ப்பதே முறை. அவர் குடிக்காமல் வீடு திரும்பும் மாலையில் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், பேசுங்கள். குடித்துவிட்டு வந்தால் சண்டையும் வேண்டாம், பணிவிடையும் வேண்டாம்; ஒதுங்கிக்கொள்ளுங்கள். வயிற்றுவலி என்று பட்டறை முதலாளிக்கு அவருக்காகப் பொய் சொல்லிப் போன் செய்யாதீர்கள். குடித்த கடனை நகையை அடகு வைத்து அடைக்காதீர்கள். இந்த மாற்றத்தைப் பார்த்தே சிலர் தாமாக மருத்துவரிடம் வருவதற்குச் சம்மதிக்கிறார்கள்.

அப்படியும் வராதவருக்குத்தான் கூட்டம். உளவியல் ஆலோசகரோ மனநல சமூகப் பணியாளரோ முன்னின்று நடத்த, நான்கைந்து பேர் போதும். அவர் மதிக்கும் தாய்மாமா, பள்ளிக்கூடத்து நண்பர், மனம்விட்டுப் பேசும் தங்கை வரலாம். கையோங்கும் பெரியப்பா, கூடக் குடிக்கும் மச்சான், சிறு குழந்தைகள் வேண்டாம். வாரக் கூலி வாங்கும் நாளின் மாலையைத் தவிர்த்து, போதை தெளிந்திருக்கும் காலை நேரத்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் வீட்டில் அடிக்கிறவர் என்றால் இந்தக் கூட்டத்தை வீட்டில் நடத்தவே கூடாது. ஆலோசகரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள், பெண்கள் உதவி எண் 181-ஐயும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசப்போவதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதி, ஆலோசகர் முன்னால் ஒருமுறை படித்துப் பார்த்துவிட வேண்டும். ஒரு மகளின் கடிதம் இப்படி அமையலாம்: “அப்பா, போன கார்த்திகை தீபத்தன்னிக்கு நீங்க வாசல்ல விழுந்துட்டீங்க. என்னாலயும் தம்பியாலயும் தூக்க முடியல, பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டோம். உங்க நெத்தியில ரத்தத்தைப் பாத்துட்டு தம்பி ராத்திரி பூரா தூங்கல. எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தது நீங்கதான். நீங்க எனக்கு வேணும்ப்பா. இன்னைக்கே எங்ககூட டாக்டர்கிட்ட வாங்க.” கண்ணால் பார்த்த ஒரே நிகழ்ச்சி, அது நடந்த நாள், பாசம், இன்றே செய்யக்கூடிய ஒரு வேண்டுகோள் ஆகியவை மட்டுமே இதில் உள்ளன. “குடிகாரன்” என்ற சொல், மானம் போனது என்ற புலம்பல், எதிர்வீட்டுக்காரனோடு ஒப்பீடு ஆகிய மூன்றில் ஒன்று வாயில் வந்தாலும் அவர் எழுந்து போய்விடுவார், அன்றைய வாய்ப்பு முடிந்தது.

அவர் “சரி” என்று சொல்லும் அந்த நிமிடத்தில் படுக்கை தயாராக இருக்க வேண்டும். “திங்கட்கிழமை போகலாம்” என்று தள்ளிப்போட்டால் சம்மதம் கரைந்துவிடும். ஆதார் அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள், வேட்டி, லுங்கி, பல்பொடி வைத்த பையை முதல் நாளே கட்டி வையுங்கள். முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டால், யார் போய்ப் பேசுவது என்பதையும் முடிவு செய்து வையுங்கள். நாகலூர் போன்ற மலைக் கிராமங்களிலிருந்து வருவோர், நடுங்கிக்கொண்டிருப்பவரைக் கூட்டமான பேருந்தில் 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக இறக்க வேண்டாம். வாடகைக் காரில், அவர் மதிக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அழைத்து வாருங்கள்.

எந்த மையத்தில் சேர்ப்பது என்பதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. இரவில் வேனில் வந்து நாலு பேர் கைகால்களைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைச் சிகிச்சை என்று சொல்லும் இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநலச் சிக்கல்களையும் உள்ளடக்கியது; சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. நோயாளி தன் நிலையில் இல்லாமல், தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கும் நிலையில், ஒரு மனநல மருத்துவரும் மற்றொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியே பரிசோதித்துப் பரிந்துரைத்தால், நோயாளியின் நியமனப் பிரதிநிதி (அவரே நியமித்தவர்; அப்படி யாரும் இல்லாவிட்டால் உறவினர் அல்லது பராமரிப்பவர்) கேட்டுக்கொண்டபடி 30 நாட்கள் வரை சேர்க்க அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆகவே அவசரத்துக்கும் முறையான வழி உண்டு. மையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாளில் வருகிறார், வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், எப்போது நேரில் பார்க்கலாம் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

சுவரொட்டிகளில் வரும் “குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தும்” பொடிகளையும் சொட்டு மருந்துகளையும் சாப்பாட்டில் கலக்காதீர்கள். குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் என்ற மருந்து அவற்றில் கலந்திருந்தால், அதை எடுத்துக்கொண்டவர் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் ஒப்புதலோடு, மருத்துவர் கொடுத்தால் மட்டுமே அது மருந்து.

கூட்டத்தில் அவர் மறுத்துவிட்டால், அங்கே சொன்ன எல்லையைக் குடும்பம் அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். வண்டிச் சாவி தர மாட்டேன் என்று தம்பி சொல்லியிருந்தால், மறுவாரம் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடக் கூடாது. நிறைவேற்ற முடியாததைக் கூட்டத்தில் சொல்லவே வேண்டாம். மருத்துவரிடம் போக எப்போது ஒப்புக்கொண்டாலும் அன்றே கூட வருவோம் என்பதையும் அதே மூச்சில் சொல்லி வையுங்கள். சம்மதித்துச் சிகிச்சை முடித்து வீடு திரும்பியவருக்கு முதல் சில மாதங்கள் மிகக் கடினமானவை. சம்பளப் பணம், கல்யாண வீடு, கெடா வெட்டு, பழைய கூட்டாளியின் போன் ஒவ்வொன்றையும் எப்படிக் கடப்பது என்று ஆலோசகரோடு சேர்ந்து முன்கூட்டியே பேசிவிடுங்கள். இடையில் ஒருநாள் குடித்துவிட்டு வந்தால், போட்ட பணமெல்லாம் வீண் என்று அன்றிரவு ஏச வேண்டாம், வேறு மையத்தைத் தேடி ஓடவும் வேண்டாம். எவ்வளவு குடித்தார், என்ன மாத்திரை விட்டுப்போயிற்று என்று குறித்துக்கொண்டு, மறுநாள் காலையிலேயே அதே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.