ஓட்டை போடாமல் சின்ன வண்டிக்குள் கட்டிலும் சாமான் அடுக்கும் செய்யும் முறை

சிங்கப்பூரில் படுத்துத் தூங்க வசதியுள்ள கேம்பர் வேன் ஒன்றைத் தனியாக வாங்கி நிறுத்திவைக்க நம்மில் பெரும்பாலோருக்கு வழியில்லை. சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) கட்டி வாங்கிய அதே வண்டியில்தான் வேலைக்கும் போக வேண்டும், பிள்ளைகளையும் பள்ளியில் விட வேண்டும், விடுமுறை வந்தால் மலேசியக் கடற்கரை ஊர்களான தேசாருவுக்கும் மெர்சிங்குக்கும் போய்வர வேண்டும். அதனால் இங்கே சொல்லப்போவது தூக்கி வைக்கவும் கழற்றி எடுக்கவும் முடிகிற கட்டில். வண்டியின் உடம்பில் ஒரு ஸ்க்ரூகூட ஏறாது. இருக்கைகளை மடித்தால் போதும், கழற்ற வேண்டாம். கழற்றுவது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி கேட்கும் வேலை.

பலகை வாங்க ஓடுவதற்கு முன் அளவு எடுங்கள். இந்த வேலையில் பாதி அதுதான்.

வண்டித் தரையில் நிமிர்ந்து உட்காருங்கள். தரையிலிருந்து உச்சந்தலை வரை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் தரையிலிருந்து கூரை வரை அளந்துகொள்ளுங்கள். கூரை 120 செ.மீ., உட்கார்ந்த உயரம் 88 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 32. தலைக்கு மேல் 3 செ.மீ. விட்டால் 29. அதில் மெத்தைக்கு 5, பலகைக்கு 1.2 போனால் 22.8. இதுதான் கட்டில் காலின் உயரம். பெட்டி உரசாமல் நுழைய 2 செ.மீ. இடைவெளி வேண்டும், ஆக மூடியோடு சேர்த்து 20 செ.மீ. உயரத்துக்குள் இருக்கிற பிளாஸ்டிக் பெட்டிதான் உங்களுக்கானது. உட்கார முடியாத கட்டிலில் மழை நாளில் சாப்பிடவும் முடியாது, உடை மாற்றவும் முடியாது. உயரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அகலத்தைச் சக்கரம் புடைத்திருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். ஹோண்டா ஃப்ரீடில் மூன்றாம் வரிசை இருக்கைகள் இரண்டு பக்கமும் மடிந்து நிற்பதால் அங்கே அகலம் குறையும். டொயோட்டா சியன்டாவில் அவை இரண்டாம் வரிசைக்கு அடியில் போய்விடும். முன் இருக்கையை முடிந்தவரை முன்னால் தள்ளிவிட்டு நீளத்தைப் பாருங்கள்.

இப்போது பெட்டிகளை வாங்குங்கள். ஐக்கியா, டைசோ, முஸ்தபா எங்கே வாங்கினாலும் சரி, எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். கடைக்கு அளவுநாடாவோடு போங்கள். பெட்டிக்குத் தகுந்தபடி கட்டில் செய்வது சுலபம். கட்டிலைச் செய்துவிட்டு அதற்குப் பெட்டி தேடினால் எதுவுமே சரியாக அமையாது.

என் கணக்கு 180 செ.மீ. நீளம், 100 செ.மீ. அகலம். இதை ஒரே பலகையாகச் செய்தால் மின்தூக்கியில் ஏற்றுவதே பெரும் பாடு. ஆகவே 60 x 100 அளவில் மூன்று துண்டுகள். ஒவ்வொன்றும் மூன்று கால் பலகைகள் கொண்ட தாழ்வான மேசை மாதிரி நிற்கும். கால் பலகை 60 x 22.8, மொத்தம் ஒன்பது. 12 மி.மீ. பிளைவுட்டில் எட்டுக்கு நாலு அடித் தாள் இரண்டு வேண்டும். சுங்கை காடுட் பக்கத்து மரக்கடையிலோ ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடையிலோ விசாரித்து, வெட்டித் தருகிற இடமாகப் பார்த்து வாங்குங்கள். ரம்பம் பிடித்துப் பழகாதவர் வீட்டில் வெட்ட முயல வேண்டாம். கோணல் விழுந்தால் மூன்று துண்டும் ஒட்டி உட்காராது. வெட்டக் கொடுப்பதற்கு முன் பழைய அட்டைப் பெட்டிகளை அதே அளவில் வெட்டி வண்டிக்குள் வைத்து, மேலே படுத்துப் பாருங்கள்.

பொருத்துவது எளிது. 25 மி.மீ. சதுர மரச்சட்டத்தைக் கால் பலகையின் மேல் விளிம்போடு ஒட்டி ஸ்க்ரூ போடுங்கள், பிறகு அதன் மேல் பலகையை வைத்து முடுக்குங்கள். ஸ்க்ரூ 4 மி.மீ. தடிமன், 30 மி.மீ. நீளம். முதலில் 2.5 மி.மீ. துளை போடாவிட்டால் சட்டம் பிளந்துவிடும். காலும் பலகையும் சேரும் மூலையில் எல் வடிவ இரும்பு வைத்தால் கட்டில் பக்கவாட்டில் ஆடாது. பெட்டி நுழையும் வழி இரண்டு கிடைக்கும், சட்டத்தைக் கழித்து ஒவ்வொன்றும் ஏறக்குறைய 43 செ.மீ. முன் இருக்கையை ஒட்டி வரும் துண்டின் முன்புறத்தைக் குறுக்குப் பலகையால் அடைத்துவிடுங்கள். பிரேக் போட்டால் பெட்டிகள் முன்னால் பாயாமல் அது தடுக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் செய்பவர்கள் டிரில் வேலையை வார நாளின் பகல் நேரத்தில் முடித்துக்கொள்வது பக்கத்து வீட்டாருக்கும் நல்லது.

அடுத்தது காற்றுத் துளைகள். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம், போதாததற்கு மூடிய வண்டிக்குள் இரண்டு பேர் இரவெல்லாம் மூச்சு விடுகிறோம். காலையில் மெத்தையைத் தூக்கி அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று நசநசக்கும். அப்படியே சுருட்டி வைத்தால் கொஞ்ச நாளில் கரும்புள்ளியாகப் பூசணம் பூக்கும். பலகை முழுக்க 15 செ.மீ.க்கு ஒன்றாக, 35 மி.மீ. வட்டத் துளை போடுங்கள். துளையின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, தண்ணீரில் கரையும் வார்னிஷ் இரண்டு கை பூசுங்கள். பலகையின் மேல்பக்கத்தைவிட வெட்டிய விளிம்புதான் தண்ணீரை உறிஞ்சும். அங்கே மூன்றாவது கையும் பூசலாம்.

வண்டிக்குள் வைத்ததும் மூன்று துண்டையும் கொக்கியால் இணைத்து, சாமான் பகுதியில் இருக்கும் இரும்பு வளையங்களோடு ராச்செட் பெல்ட் (இழுத்து இறுக்கும் பட்டை) போட்டு இறுக்குங்கள். கனமான தண்ணீர், அரிசி, பாத்திரமெல்லாம் முன்வரிசைப் பெட்டியில், அடியில் இருக்க வேண்டும். அவ்வளவு உள்ளே இருப்பதை எப்படி எடுப்பது? ஒரு பெட்டியின் கைப்பிடியை அடுத்ததோடு கயிறால் கட்டிவிடுங்கள். பின்பெட்டியை இழுத்தால் முன்பெட்டியும் கூடவே வரும். உணவுப் பெட்டி கதவோரம் இருக்கட்டும். உட்லண்ட்ஸ், துவாஸ் எல்லைச் சோதனைச்சாவடிகளில் பின்கதவைத் திறக்கச் சொன்னால் எல்லாவற்றையும் கலைக்காமல் காட்டலாம்.

மற்றவை சின்ன வேலைகள். ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடிகளுக்கு இடையில் எலாஸ்டிக் வலை கட்டினால் துணியும் துண்டும் அதில் போய்விடும். கொசு வலையின் ஓரத்தில் காந்தத் துண்டுகளைத் தைத்தால் கதவின் இரும்புச் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கலாம். ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் உள்ளே கேஸ் அடுப்பு பற்றவைப்பதும் உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. யுஎஸ்பி மின்விசிறி போதும்.

திரும்பி வந்ததும் துண்டுகளை ஈரத்துணியால் துடைத்து, கடல் உப்பு போனபின் ஒருநாள் காற்றாட நிறுத்துங்கள். வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டரில் (பாதுகாப்பு அறையில்) செங்குத்தாக அடுக்கினால் அதிக இடம் பிடிக்காது. ஒன்றை மட்டும் வெளியே எடுத்துப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதும் மேசையாக வைத்துக்கொள்ளலாம்.