கோனாவில் மீன்பிடிப் படகு அமர்த்துவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

ஹவாயின் பெரிய தீவுக்கு விடுமுறை போகிறீர்களா? ஒரு காலைப் பொழுதையாவது கடலுக்கு ஒதுக்குங்கள். அந்தத் தீவின் மேற்குக் கரையான கோனா, நீல மார்லின் என்ற ஈட்டி மூக்குப் பெரிய மீனைப் பிடிக்க உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து சேரும் இடம். ஹவாய் பன்னாட்டு பில்ஃபிஷ் (ஈட்டி மூக்கு மீன்) பிடிக்கும் போட்டி 1959-இல் இங்கேதான் தொடங்கியது. வடகிழக்கிலிருந்து வீசும் காற்றை 4,169 மீட்டர் உயர மௌனா லோவாவும் பக்கத்திலுள்ள ஹுவாலாலாயும் ஆகிய எரிமலைகள் மறித்துவிடுகின்றன. அதனால் இந்தப் பக்கக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கரையிலிருந்து சில மைல் போனாலே ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம். பெரிய மீனைத் தேடி மணிக்கணக்கில் பயணம் செய்ய வேண்டியதில்லை. துறைமுகத்தை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் தூண்டில் தண்ணீரில் இருக்கும்.

படி 1: நேரமும் படகு வகையும்

அரை நாள் என்றால் சுமார் நான்கு மணி நேரம், முழு நாள் எட்டு. முதல்முறை போகிறவர்களுக்குக் காலை அரை நாளே நல்லது. பிற்பகலில் காற்று எழும்ப வாய்ப்பு அதிகம். பழகாத வயிறு அதைத் தாங்காது. மார்லின்தான் வேண்டும் என்று மனம் வைத்திருந்தால் மட்டும் முழு நாள் எடுங்கள். அது ஆண்டு முழுவதும் உண்டு, கோடையில் கூடுதல்.

குடும்பமாகப் போனால் தனிப் படகு. ஒருவர் இருவர் என்றால் மற்றவர்களோடு பகிரும் படகு. பகிர்ந்தால் செலவு வெகுவாகக் குறையும். ஆனால் தூண்டில் நாற்காலியில் உட்கார முறை வைப்பார்கள். உங்கள் முறையில் மீன் கடிக்காமலும் போகலாம். இங்குள்ள படகுகள் பலவற்றில் பணம் கட்டும் பயணிகள் ஆறு பேருக்கு மேல் ஏற முடியாது, அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி அப்படி. ஏழாவது ஆள் கைக்குழந்தையாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 2: கேப்டனைப் பார்த்துப் பேசுங்கள்

இணையத்தில் படங்களைப் பார்த்து உடனே முன்பணம் கட்டாதீர்கள். கைலுவா-கோனா ஊருக்குச் சற்று வடக்கே ஹோனோகோஹாவ் துறைமுகம் இருக்கிறது. படகுகள் திரும்பும் நேரத்தில் அங்கே போய் நில்லுங்கள். இறங்குகிறவர்களின் முகம், தளத்தின் சுத்தம், குழந்தைகளிடம் படகு ஆட்கள் பேசும் விதம், எல்லாம் கண்ணில் படும். பிடித்த படகின் கேப்டனிடம் நேரே பேசுங்கள். உரிமம் இருக்கிறதா, வானிலை கெட்டால் பணம் திரும்புமா, தூண்டில், இரை, ஐஸ் எல்லாம் கட்டணத்தில் சேர்ந்ததா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். பல நூறு டாலர் கொடுக்கப் போகிறீர்கள்.

படி 3: பிடித்த மீன் யாருக்கு?

புதிதாக வருகிறவர்களின் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பணம் கொடுத்துப் படகு எடுத்தோம், மீன் நமக்குத்தானே என்று நினைப்போம். ஹவாயில் வழக்கம் வேறு. பிடிபட்ட மீன் படகுக்குச் சொந்தம் என்பது பழைய ஏற்பாடு; கேப்டன் அதைச் சந்தையில் விற்பார், எரிபொருள் செலவும் படகு உதவியாளரின் வருமானமும் ஓரளவு அதிலிருந்து வரும். உங்களுக்குச் சமையலுக்குப் போதுமான துண்டுகளை வெட்டிக் கொடுப்பார்கள். சில படகுகள் சிறிய மீனை முழுதாகவே தரும். இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. 60 கிலோ சூரையை விடுதி அறையில் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? ஆனால் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள்: மாஹி-மாஹி மீன் கிடைத்தால் எவ்வளவு, ஓனோ மீன் கிடைத்தால் எவ்வளவு, மார்லின் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று தனித்தனியாக.

மார்லினைப் பற்றி ஒரு வேண்டுகோள். அமெரிக்கப் பெருநிலப் பகுதியில் அதை விற்கச் சட்டம் தடுக்கிறது, ஹவாயில் விற்கலாம். ஆகவே கேப்டன் கரைக்குக் கொண்டுவர விரும்பக்கூடும். பெரிய நீல மார்லின்கள் பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன்கள். உயிரோடு விடும் படகாகப் பார்த்து அமர்த்துங்கள். படகோரத்தில் படம் எடுத்துக்கொண்டு தூண்டில் முள்ளை நீக்கி விட்டுவிடலாம்.

படி 4: முந்தின இரவு

வாந்தி வந்த பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை. மருத்துவரைக் கேட்டு, முந்தின இரவே ஒன்றும் கிளம்பும் முன் ஒன்றும் போடலாம். இட்லி, ரொட்டி போல எளிய உணவு போதும். தொப்பி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, தண்ணீர். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ள சன்ஸ்கிரீன்கள் பவளப்பாறையைக் கெடுப்பதால் 2021 முதல் ஹவாயில் அவற்றை விற்பதில்லை. ஊரிலிருந்து கொண்டுபோவதிலும் அவை இல்லையா என்று பாருங்கள். வாழைப்பழம் மட்டும் வேண்டாம். நமக்கு மங்கலப் பொருள், அங்குள்ள கேப்டன்களுக்குப் படகில் அது ஆகவே ஆகாது. அவர்கள் நம்பிக்கையை மதிப்போம்.

படி 5: மீன் கடித்ததும்

படகு ஓடிக்கொண்டிருக்க, பின்னால் பல தூண்டில்கள் இழுபடும். திடீரென்று ஒரு ரீல் (நரம்பு சுற்றும் உருளை) அலறும். பதறாமல் நாற்காலியில் உட்காருங்கள். தூண்டில் கோலை உதவியாளர் எடுத்து வந்து தருவார். மீன் ஓடும்போது சுற்றாதீர்கள், ஓட விடுங்கள். அது நின்றதும் கோலை மெதுவாக மேலே இழுத்து, தாழ்த்திக்கொண்டே சுற்றுங்கள். தூண்டில் நரம்பின் மேல் கை படவே கூடாது. பெரிய மீன் இழுக்கும்போது விரலை அறுத்துவிடும். ரீலின் இறுக்கத்தை நீங்களாக மாற்ற வேண்டாம். கேப்டன் படகைப் பின்னுக்குச் செலுத்தி உங்களுக்கு உதவுவார். அவர் குரலை மட்டும் கேளுங்கள்.

படி 6: கரை சேர்ந்ததும்

கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் உதவியாளருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது அங்கே வழக்கம். மீன் கிடைக்காத நாளிலும் கொடுங்கள், அவர் உழைப்பு அன்றைக்கும் அதேதான். துண்டுகளை ஐஸில் வைத்து எடுத்துப் போங்கள். ஓனோ நம் வஞ்சிரத்துக்கு உறவு. மஞ்சள், மிளகாய்த்தூள், எலுமிச்சை தடவி அன்றிரவே வறுத்துவிடலாம். கொழுப்பு குறைந்த சதை, அடுப்பில் கொஞ்சம் கூடுதலாக விட்டாலும் வறண்டுவிடும்.