நடிகர் கட்சிகள் சறுக்கும் இடங்கள்

எம்.ஜி.ஆர். 1972இல் கட்சி தொடங்கினார், 1977இல் முதல்வரானார். புதிதாகக் கட்சி தொடங்கும் நடிகரைச் சுற்றி இருப்பவர்கள் சொல்லும் கணக்கு இது. முதல் தவறு இங்கேயே தொடங்குகிறது. அவர் தி.மு.க.வில் சேர்ந்தது 1953இல். 1967இல் பரங்கிமலை எம்.எல்.ஏ., 1969இல் கட்சிப் பொருளாளர். 1972 அக்டோபரில் வெளியே வந்தபோது ரசிகர் மன்றங்களோடு, தேர்தல் வேலை தெரிந்த கிளைக் கழகத்தாரும் அவர் பின்னால் வந்தார்கள். அதனால்தான் ஏழே மாதத்தில், 1973 மே மாதம், திண்டுக்கல் இடைத்தேர்தலில் தன் வேட்பாளர் மாயத்தேவரை ஜெயிக்க வைக்க முடிந்தது.

கட்சியில் பல காலம் இருந்தாலே போதும் என்றும் நினைக்கக் கூடாது. சிவாஜி கணேசனும் காங்கிரஸில் நெடுங்காலம் இருந்தவர்தான். ஆனால் அங்கே அவர் பெரும்பாலும் பிரசார மேடைக்கு; வேட்பாளர் பட்டியலும் கட்சிப் பணமும் வேறு கைகளில் இருந்தன. 1988இல் தமிழக முன்னேற்ற முன்னணியைத் தொடங்கி, ஒரு வருடம்கூட முடியாமல் 1989 ஜனவரியில் தேர்தலைச் சந்தித்தார். திருவையாறில் அவரே தோற்றார். கட்சிக்கு ஓர் இடமும் இல்லை.

கூட்டத்தை ஓட்டாக எண்ணுவது

ஒரு தொகுதியில் 300 வாக்குச்சாவடி என்று வையுங்கள். சாவடிக்கு ஒரு ஏஜென்ட், மாற்றுக்கு இருவர்: தொகுதிக்கு 900 பேர். 234 தொகுதிக்கும் சேர்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். இவர்கள் வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவுக்குப் போய் உட்கார வேண்டும். வாக்காளர் பட்டியலில் யார் இறந்தவர், யார் ஊர் மாறிப் போனவர் என்று தெரிந்திருக்க வேண்டும். மாலையில், சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கைச் சொல்லும் 17சி படிவத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்கி வர வேண்டும். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்ற வருபவர் எல்லாம் இதற்கு வருவாரா? வந்தாலும், பக்கத்து ஊர் ரசிகருக்கு இந்தத் தெருவில் யாரையும் தெரியாது.

தலைவர் முகத்தை நம்பி எல்லா இடத்திலும் நிற்பது

விஜயகாந்தின் தே.மு.தி.க. 2006இல் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது. 8 சதவீதத்துக்கு மேல் வாக்கு வந்தது. ஜெயித்தது விருத்தாசலத்தில் அவர் ஒருவர்தான். 2021இல் கமல்ஹாசன் கோவை தெற்கில் 1,728 வாக்கில் தோற்றார், அவர் கட்சிக்கு மாநில அளவில் 3 சதவீதம்கூட இல்லை. ஆந்திராவில் சிரஞ்சீவியின் பிரஜா ராஜ்யம் 2009இல் 16 சதவீதம் வாங்கியும் 294இல் 18 இடத்தோடு நின்றது. சீராகப் பரவிய வாக்கு இடங்களாக மாறாது. தொகுதியில் யார் அதிக வாக்கு வாங்கினாரோ அவருக்குத்தான் இடம்.

சிரஞ்சீவியின் தம்பி பவன் கல்யாண் 2019இல் நின்ற இரண்டு தொகுதியிலும் தோற்றவர். 2024இல் கூட்டணிக்குள் 21 இடம் மட்டும் வாங்கி, அத்தனையும் ஜெயித்து துணை முதல்வரானார். (தெலுங்கு நடிகர் என்.டி.ஆர். கட்சி தொடங்கிய ஒன்பதே மாதத்தில் ஆட்சியைப் பிடித்தாரே என்பார்கள். 1983இல் ஆந்திரக் காங்கிரஸ் மேல் இருந்த கோபம் அப்படி. அது எல்லாத் தேர்தலிலும் கிடைக்காது.)

ஜெயித்தவர்களைக் கட்டிக்காக்கத் தெரியாதது

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2011இல் அ.தி.மு.க. கூட்டணியில் தே.மு.தி.க. 41இல் நின்று 29 ஜெயித்தது. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர். கூட்டணி முறிந்ததும் 'தொகுதி வளர்ச்சிக்காக' முதல்வரைச் சந்திக்கிறோம் என்று எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். 2016 பிப்ரவரியில் சிலர் ராஜினாமா செய்ய, எதிர்க்கட்சித் தலைவர் தகுதியே போனது. அந்த மே மாதத் தேர்தலில் உளுந்தூர்பேட்டையில் அவருக்கு டெபாசிட்டும் போனது. பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. சீட்டு கொடுக்கும்போது பண பலத்தையோ ரசிகர் மன்றப் பதவியையோ மட்டும் பார்த்தால், தலைவரை விட்டுப் போக ஆளுக்குத் தயக்கமே இருக்காது.

உள்ளாட்சித் தேர்தலைச் சிறிதாக நினைப்பது

வார்டு தேர்தலில் சில நூறு ஓட்டுகளில் முடிவு தெரிந்துவிடும். யார் வேலை செய்கிறார், யார் போஸ்டரோடு நிற்கிறார் என்பதை மலிவாகக் கண்டுபிடிக்கும் இடம் அது. 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தலைக் கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யம் விட்டுவிட்டது. அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது பதினைந்து மாதம்தான் பாக்கி.