பைபாடு போட்டால் மட்டும் குண்டு விலகியது: என் அனுபவம்

மூன்று வார இறுதிகள் வீணான பிறகுதான் காரணம் பிடிபட்டது. டெக்சாஸில் ஒரு ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுடும் மைதானத்தில், சுடுவேன். பிளாஸ்டிக் ஸ்டாக் (பேரல், அதாவது குழல், உட்காரும் உடல்பகுதி) போட்ட .308 அளவுத் தோட்டா ரைஃபிள். மணல்பை மேல் வைத்தால் 100 கஜத்தில் ஐந்து குண்டும் ஓர் அங்குலத்துக்குள் விழும். பைபாடில் (ஸ்டாக்கின் முன்பக்கம் மாட்டும் இரட்டைக் கால்) நிறுத்தினால் மூன்று அங்குலத்துக்குச் சிதறும்.

முதலில் தோட்டாவை மாற்றினேன். அப்புறம் ஸ்கோப் திருகுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) இறுக்கினேன். சிமென்ட் மேசையில் கால்கள் துள்ளுகின்றனவோ என்று ரப்பர் விரிப்பும் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

பேரல் ஸ்டாக்கைத் தொடுகிறதா என்று அறிய, இரண்டுக்கும் நடுவே டாலர் நோட்டை விட்டுப் பார்க்கும் சோதனையை ஏற்கெனவே செய்திருந்தேன். தாராளமாகப் போனது. ஆனால் அப்போது ரைஃபிள் ஸ்டாண்டில் சும்மா இருந்தது! போல்ட்டை (தோட்டா அறையை மூடும் பாகம்) முழுதாகக் கழற்றி, அறை காலி என்று விரல் விட்டும் பார்த்துவிட்டு, பைபாடில் நிறுத்தித் தோளால் முன்னே தள்ளிக்கொண்டே நண்பரை நோட்டை இழுக்கச் சொன்னேன். வலப்பக்கம் சிக்கிக்கொண்டது. பைபாடு மாட்டும் குமிழ் இருக்கும் ஸ்டாக்கின் நுனி வளைந்து பேரலைத் தொட்டிருக்கிறது.

ஸ்டாக்கைக் கழற்றி, குச்சியில் உப்புத்தாள் சுற்றி, பேரல் படுக்கும் பள்ளத்தைத் தேய்த்தேன். நோட்டை இரண்டாக மடித்தாலும், பாரத்தோடு, சிக்காமல் போகும்வரை. அரை மணி நேர வேலை. தோளால் தள்ளுவதையும் குறைத்து, பின்னால் சின்ன மணல்பை வைத்துக்கொண்டேன். பைபாடிலும் இப்போது ஓர் அங்குலம்தான்.

இன்னொன்று: கால் நீளத்தை மாற்றும்போதும் போல்ட் திறந்தே இருக்கட்டும். ஒருமுறை பூட்டு சரியாக விழாத கால் ஒன்று சட்டென மடங்கி, குழல் பக்கவாட்டில் திரும்பிவிட்டது.